கடைக்கும் ஸ்டுடியோவுக்கும் ப்ராசஸர் தேர்வு: மதிப்பெண்ணும் ரூபாயும்

காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ கம்ப்யூட்டர் வாங்கப் போனால் கடையில் முதலில் வரும் கேள்வி, "ஐ5 போடவா, ஐ7 போடவா?" என்பதுதான். இந்தக் கேள்விக்கு எந்தப் பதில் சொன்னாலும் பாதி இருட்டில் சொன்னதாகத்தான் இருக்கும். இன்டெல் கம்பெனியின் ப்ராசஸர்களில் 2013-ல் வந்த ஐ7-4770-க்கும் (நாலாம் தலைமுறை) 2022-ல் வந்த ஐ3-12100-க்கும் (12-ஆம் தலைமுறை) நாலு கோர், அதாவது வேலை செய்யும் அலகு; எட்டு த்ரெட், அதாவது ஒரே நேரத்தில் ஓடும் வேலை இழை. ஆனால் எல்லாக் கோர்களையும் ஓட்டும் வேலையில் பிந்தையது ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகம். 'ஐ7 மெஷின், மலிவு விலை' என்று பழைய கம்பெனி கம்ப்யூட்டர்களைத் துடைத்து விற்பவர்கள் தலைமுறையைச் சொல்வதில்லை. அதைக் கேட்டு வாங்க வேண்டியது வாங்குகிறவர் பொறுப்பு. விண்டோஸ் 11 அதிகாரப்பூர்வமாக இன்டெல் எட்டாம் தலைமுறை, ஏஎம்டி கம்பெனியின் ரைசன் 2000 வரிசை ஆகியவற்றிலிருந்துதான் தொடங்குகிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. ஆகவே கணக்கு வழக்கு வைத்திருக்கும் கடைக்கு நாலாம் தலைமுறை மெஷின் எந்த விலைக்கும் வேண்டாம்.

ப்ராசஸரை ஒப்பிடுவது மூன்று கணக்குகளால் ஆனது. உங்கள் வேலை எதற்காகக் காத்திருக்கிறது, அந்த வேலையை ஒத்த சோதனையில் ப்ராசஸர் என்ன மதிப்பெண் வாங்குகிறது, அந்த மதிப்பெண்ணுக்கு மொத்தச் செட்டுக்கும் சேர்த்து எவ்வளவு ரூபாய் போகிறது. மூன்றாவதைத்தான் பெரும்பாலோர் தவறாகப் போடுகிறார்கள். அதை விரிவாகப் பார்க்கலாம். முதல் இரண்டையும் விட்டுவிட்டு மூன்றாவதுக்குப் போக முடியாது.

இப்போது இருக்கும் மெஷினை முதலில் கேளுங்கள்

வேலை நடந்துகொண்டிருக்கும்போதே கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறங்கள். 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்தில் சிபியு வரைபடத்தின் மேல் வலது கிளிக் செய்து, 'சேஞ்ச் கிராஃப் டு' என்பதில் 'லாஜிக்கல் ப்ராசஸர்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் ஒவ்வொரு த்ரெட்டுக்கும் ஒரு சிறு கட்டம் வரும். பின் உங்களுக்கு எரிச்சல் தரும் அந்த வேலையை ஓட்டுங்கள்: டாலியில் ஆண்டுக் கணக்கைத் திறப்பது, ஆல்பத்தின் நாற்பது பக்கங்களை ஏற்றுமதி செய்வது, வீடியோவை ரெண்டர் போடுவது (எடிட் செய்ததை இறுதிக் கோப்பாக்குவது), எதுவானாலும்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. 12 த்ரெட் உள்ள ப்ராசஸரில் ஒரே த்ரெட் முழுமூச்சாக ஓடினால் மொத்தக் கணக்கு 8% என்றுதான் காட்டும். அதைப் பார்த்து 'ப்ராசஸர் சும்மாதான் இருக்கிறது' என்று முடிவு கட்டக் கூடாது. அந்த வேலையின் வேகம் முழுக்க அந்த ஒற்றைக் கோரைப் பொறுத்தது. விண்டோஸ் அந்த வேலையை ஒரு கோரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டே இருப்பதால், ஒரு கட்டம் மட்டும் உச்சத்தில் நிற்காமல் இரண்டு மூன்று கட்டங்கள் மாறி மாறி ஏறுவதும் உண்டு. 8, 9 விழுக்காட்டில் ஒட்டிக்கொண்டு நகராமல் நின்றால் அது ஒற்றைக் கோர் வேலை என்று எடுத்துக்கொள்ளலாம்.

கல்யாண வீட்டு ஆக்குப்புரையில் காய் நறுக்க எத்தனை பேர் உட்கார்ந்தாலும் வேலை சீக்கிரம் முடியும். அதிரசப் பாகின் பதத்தை ஒருவர்தான் பார்க்க முடியும். வீடியோ ஏற்றுமதி முதல் வகை. டாலி, ஆட்டோகேட், ஸ்கெட்ச்அப்பில் மாடல் வரைவது, ஃபோட்டோஷாப்பின் பல கருவிகள் பெரும்பாலும் இரண்டாம் வகை. இரண்டாம் வகைக்கு 16 கோர் வாங்கினால் 14 கோர் தூங்கும்.

அதே பக்கத்தில் டிஸ்க் 100 விழுக்காட்டில் நின்றால் பிரச்சினை ஹார்டு டிஸ்க்கில். எஸ்எஸ்டி போட்டாலே போதும். மெமரி 90 விழுக்காட்டைத் தாண்டி நின்றால் ரேம் போதவில்லை. ஆல்பம் வடிவமைக்கும் ஸ்டுடியோக்களில் 'ப்ராசஸர் ஸ்லோ' என்று கொண்டுவரப்படும் மெஷின்களில் 8 ஜிபி ரேம் நிரம்பி டிஸ்க்கில் வழிவது மிகவும் சாதாரணம். இந்த இரண்டையும் பார்க்காமல் ப்ராசஸர் விலை விசாரிக்கவே வேண்டாம்.

பெயரில் ஒளிந்திருப்பவை

இன்டெல்லில் எண்ணுக்குப் பின் 'எஃப்' இருந்தால் உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது. தனி கார்டு இல்லாமல் திரையில் ஒன்றும் தெரியாது. 'கே' என்றால் வேகத்தை ஏற்றிக்கொள்ளலாம், கூடவே கூலர் வராது. 'டி' என்றால் 35 வாட் வகை, மெதுவானது. ஏஎம்டியில் 'ஜி' என்றால் ஓரளவு நல்ல கிராஃபிக்ஸ் உள்ளேயே உண்டு. 'எக்ஸ்3டி' என்றால் கேஷை (ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம்) அடுக்கி வைத்தது, கேம்களுக்கானது.

ஏஎம்டி பெயர்களில் ஏமாறுவது எளிது. ரைசன் 5 5600, 5600ஜி, 5500 மூன்றும் ஆறு கோர், 12 த்ரெட். ஆனால் 5600-ல் எல்3 கேஷ் 32 எம்பி, பிசிஐஇ (கிராஃபிக்ஸ் கார்டு இணையும் வழி) 4.0. மற்ற இரண்டிலும் 16 எம்பி, பிசிஐஇ 3.0. தனி கிராஃபிக்ஸ் கார்டு போட்டுக் கேம் ஆடுபவருக்கு இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். கார்டே போடாமல் பில் போடுபவருக்கு 5600 பயன்படாது, ஏனென்றால் அதில் கிராஃபிக்ஸ் இல்லை. ஒரே ஓர் எழுத்தால் ஒரே ப்ராசஸர் ஒருவருக்கு லாபம், இன்னொருவருக்கு நட்டம்.

கிகாஹெர்ட்ஸ் எண்ணை ஒரே தலைமுறைக்குள் மட்டும் ஒப்பிடுங்கள். 2012-ல் வந்த ஏஎம்டி எஃப்எக்ஸ்-8350 எட்டுக் கோர், 4 கிகாஹெர்ட்ஸ். நாலே கோர் உள்ள ஐ3-12100 அதை எல்லா வகையிலும் தாண்டிவிடும். இன்டெல்லின் 12-ஆம் தலைமுறையிலிருந்து பல ப்ராசஸர்களில் கோர்களிலேயே இரண்டு ஜாதி உண்டு: பெரிய கோர், சிறிய கோர். ஐ5-14400-ல் '10 கோர்' என்று அச்சிட்டிருப்பது ஆறு பெரியதும் நாலு சிறியதும். ஐ5-14500-ல் ஆறும் எட்டும். ஒற்றைக் கோர் வேலைக்குப் பெரிய கோர்தான் கணக்கு. சிறியவை ரெண்டர் போன்ற பங்கிடும் வேலைகளில் கைகொடுக்கும்.

மதிப்பெண்ணை வாசிப்பது

ப்ராசஸரைச் சோதித்து மதிப்பெண் தரும் மென்பொருளான சினிபெஞ்ச் ஆர்23-ன் 'மல்டி' மதிப்பெண் பங்கிடும் வேலைக்கு, 'சிங்கிள்' மதிப்பெண் ஒற்றைக் கோர் வேலைக்கு. இந்த இரண்டு எண்களை வைத்தே அலுவலகக் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலானவற்றை முடிவு செய்துவிடலாம். சினிபெஞ்ச் 2024 என்ற பிந்தைய பதிப்பின் மதிப்பெண் வேறு அளவுகோல். அதை ஆர்23-உடன் சேர்த்துப் பார்க்கவே கூடாது. கீக்பெஞ்ச் 6 என்ற சோதனை சீக்கிரம் முடிந்துவிடும். சூடேறிய பின் ப்ராசஸர் என்ன ஆகும் என்பதை அது காட்டாது. பாஸ்மார்க் பலரும் தங்கள் வீட்டு மெஷினில் ஓட்டி அனுப்பியவற்றின் சராசரி. பழைய ப்ராசஸரையும் புதியதையும் தோராயமாக ஒப்பிட அது நல்லது. 5% வித்தியாசத்துக்குச் சண்டை போட ஆகாது.

ஒரு சோதனையாளர் தந்த எண்ணை இன்னொருவர் தந்த எண்ணோடு ஒப்பிட்டால் கணக்குக் கோணலாகும். ஒருவர் டிடிஆர்4 ரேம் போட்டிருப்பார், மற்றவர் அதற்கு அடுத்து வந்த டிடிஆர்5. ஒருவர் இன்டெல்லின் வாட் வரம்பை வைத்திருப்பார், மற்றவரின் மதர்போர்டு அந்த வரம்பை நீக்கியிருக்கும். இரண்டு ப்ராசஸரையும் ஒரே ஆள், ஒரே நாளில், ஒரே மாதிரி ஓட்டிய பட்டியலைத் தேடி எடுங்கள். அதிலும் 5 விழுக்காட்டுக்குள் உள்ள வித்தியாசத்தைச் சமம் என்று எழுதிக்கொள்ளுங்கள். கையில் வேலை செய்யும்போது 10 விழுக்காடு வரை உணரவே முடியாது.

கேம் சோதனைகளை வாசிக்கும்போது எந்த கிராஃபிக்ஸ் கார்டு போட்டிருந்தார்கள் என்று பாருங்கள். ப்ராசஸர்களின் வித்தியாசம் தெரிவதற்காகவே மிக விலையுயர்ந்த கார்டைப் போட்டு, 1080 திரையில் ஓட்டுவார்கள். அது சரியான முறைதான். ஆனால் உங்களிடம் நடுத்தரக் கார்டு இருந்தால் கார்டே தடையாக நிற்கும். ரைசன் 5 7600-க்கும் 7800எக்ஸ்3டி-க்கும் உள்ள இடைவெளி உங்கள் மேசையில் பெரும்பாலும் காணாமல் போகும். அந்த இடைவெளிக்குக் கொடுக்கும் பணத்தைக் கார்டில் போடுவதே சரி.

ஐந்தொகை: மொத்தச் செட்டின் விலை

ப்ராசஸர் விலையை மட்டும் மதிப்பெண்ணால் வகுத்துப் பார்த்தால் பெரும்பாலும் மலிவானதே ஜெயிக்கும். ப்ராசஸர் தனியாக வேலை செய்வதில்லையே! மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி, பவர் சப்ளை, கேபினெட், திரை எல்லாம் சேர்ந்துதான் வேலை முடிகிறது. வட்டிக்கடைக் கணக்கில் வரவு செலவு முழுவதையும் ஐந்தொகையில் கொண்டுவந்து பார்த்த ஊர் இது. இங்கேயும் அதே ஒழுங்கு வேண்டும்.

எளிய எண்களை வைத்துக் காட்டுகிறேன். விலைகள் கணக்குக்காக எடுத்தவை. உங்கள் கடை விலையை இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

ப்ராசஸர் 'அ': 10,000 ரூபாய், மல்டி மதிப்பெண் 10,000. ப்ராசஸர் 'ஆ': 16,000 ரூபாய், மதிப்பெண் 13,000. தனியாகப் பார்த்தால் 'அ' ரூபாய்க்கு 1 மதிப்பெண், 'ஆ' ரூபாய்க்கு 0.81. 'அ'-தான் லாபம் என்று தோன்றும். இப்போது மற்ற எல்லாவற்றையும் சேருங்கள். 'அ'-வுக்கு மற்ற பாகங்கள் 30,000, ஆக மொத்தம் 40,000. 'ஆ'-வுக்குக் கொஞ்சம் நல்ல மதர்போர்டு வேண்டும் என்பதால் மற்றவை 32,000, மொத்தம் 48,000. 'அ' செட் ரூபாய்க்கு 0.25. 'ஆ' செட் ரூபாய்க்கு 0.27. முடிவு தலைகீழாகிவிட்டது.

அப்படியானால் மேலே ஏறிக்கொண்டே போகலாமா? ப்ராசஸர் 'இ'-யைப் பாருங்கள்: 38,000 ரூபாய், மதிப்பெண் 20,000. அதன் வாட்டுக்குத் தகுந்த மதர்போர்டு, பெரிய கூலர், பெரிய பவர் சப்ளை சேர்ந்து மற்றவை 50,000 ஆகும். மொத்தம் 88,000. ரூபாய்க்கு 0.23. ஏறிய கோடு இறங்கிவிட்டது.

இதோடு படி படியாகவும் பார்க்க வேண்டும். 'அ'-விலிருந்து 'ஆ'-வுக்கு ஏற 8,000 ரூபாய் கூடுதல், கிடைப்பது 3,000 மதிப்பெண், ரூபாய்க்கு 0.375. 'ஆ'-விலிருந்து 'இ'-க்கு 40,000 கூடுதல், கிடைப்பது 7,000, ரூபாய்க்கு 0.175. முதல் படி ஏறத் தகுந்தது. இரண்டாவது படியை ஏற வேறொரு காரணம் இருந்தால் மட்டும் ஏறலாம்.

அந்த வேறொரு காரணம் நேரம். 'அ' ஒரு மணி நேரத்தில் முடிக்கும் ரெண்டரை 'ஆ' 46 நிமிடத்தில் முடிக்கும், 'இ' 30 நிமிடத்தில். முகூர்த்த மாதங்களில் ஒரு நாளைக்கு நாலு ரெண்டர் ஓடி, அதற்காக ஓர் ஆள் சும்மா உட்கார்ந்திருந்தால், 'அ'-வுக்கு எதிரே 'இ' நாளொன்றுக்கு இரண்டு மணி நேரத்தை மிச்சப்படுத்தும். அந்த ஆளின் சம்பளத்தை வைத்துப் பெருக்கிப் பாருங்கள். ஒரே ரெண்டரை இரவில் போட்டுவிட்டுக் காலையில் எடுப்பவருக்கு அந்த மிச்சத்தின் மதிப்பு பூஜ்யம்.

மதிப்பெண் பங்கிடும் வேலைக்குரியதா, ஒற்றைக் கோர் வேலைக்குரியதா என்பதைப் பொறுத்து முழுக் கணக்கும் மாறும். டாலி மெஷினுக்கு இதே கணக்கை 'சிங்கிள்' மதிப்பெண்ணில் போட்டால் மலிவானதுக்கும் விலையுயர்ந்ததுக்கும் நடுவே மிகச் சிறிய வித்தியாசமே மிஞ்சும். அங்கே ஐ3-12100-க்கு மேல் போவது வீண் செலவு. புத்தகக்கடை, நகைக்கடை, பலகாரக்கடை எதுவானாலும் பில் கவுண்டருக்கு அதுவும் 16 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் தாராளம்.

நினைவகத்தின் விலை இந்தக் கணக்கை அடிக்கடி புரட்டிப் போடும். ஏஎம்டியின் புதிய சாக்கெட்டான (ப்ராசஸர் உட்காரும் இடம்) ஏஎம்5 உள்ள போர்டில் டிடிஆர்5 மட்டுமே பொருந்தும். முந்தைய ஏஎம்4-ல் டிடிஆர்4 மட்டுமே. இன்டெல் 12 முதல் 14-ஆம் தலைமுறைக்கான எல்ஜிஏ1700-ல் போர்டைப் பொறுத்து இரண்டில் ஒன்று. 2025-ன் கடைசி மாதங்களில் ரேம் விலை கடுமையாக ஏறியபோது, ப்ராசஸரில் மிச்சம் பிடித்ததை ரேம் விழுங்கிவிட்டது. பழைய டிடிஆர்4 ரேம் கையில் இருப்பவர் அதை வைத்துக்கொள்ளக்கூடிய போர்டைத் தேர்ந்தெடுப்பது அப்போது ப்ராசஸர் தேர்வைவிடப் பெரிய லாபம். விலைப்பட்டியலை வாங்கும் வாரத்தில் எடுங்கள். மூன்று மாதம் பழைய பட்டியல் உதவாது.

ஏற்கெனவே ஏஎம்4 மெஷின் இருப்பவர்களுக்கு எல்லாவற்றையும்விட நல்ல பேரம் ஒன்று உண்டு. ரைசன் 5 1600, 2600 போட்ட பழைய மெஷினில் ப்ராசஸரை மட்டும் கழற்றிவிட்டு 5600 அல்லது எட்டுக் கோர் 5700எக்ஸ் போட்டால், மொத்தச் செலவு ப்ராசஸர் விலை மட்டுமே. மதர்போர்டு கம்பெனியின் பக்கத்தில் 'சிபியு சப்போர்ட்' பட்டியலில் உங்கள் போர்டுக்கு அந்த ப்ராசஸர் இருக்கிறதா, எந்த பயாஸ் (போர்டிலேயே பதிந்திருக்கும் தொடக்க மென்பொருள்) பதிப்பிலிருந்து என்று பாருங்கள். பழைய ப்ராசஸர் உள்ளே இருக்கும்போதே பயாஸைப் புதுப்பிக்க வேண்டும். மாற்றிய பிறகு முயன்றால் திரை கறுப்பாகவே நிற்கும். புதுப்பிக்கும் ஐந்து நிமிடத்தில் மின்சாரம் போனால் போர்டே போய்விடலாம், எனவே யுபிஎஸ் இல்லாமல் அதைத் தொடவே வேண்டாம்.

சித்திரை வெயிலில் வாட் கணக்கு

பெட்டியில் '65 வாட்' என்று போட்டிருப்பதை அப்படியே நம்பிக் கூலரும் யுபிஎஸ்ஸும் வாங்கக் கூடாது. ஐ5-12400-ன் அடிப்படை 65 வாட். முழு வேகத்தில் 117 வரை போக இன்டெல் அனுமதிக்கிறது. ஐ5-14400-க்கு அது 148. ஐ7-14700கே-யின் அடிப்படை 125, உச்சம் 253. ஏஎம்டி ரைசனில் அச்சிட்ட எண்ணை 1.35-ஆல் பெருக்கினால் சாக்கெட் வழியாகப் போகும் உச்ச வாட் ஏறக்குறைய வந்துவிடும்: 65 என்றால் 88, 105 என்றால் 142, 170 என்றால் 230.

ப்ராசஸர் சோதனைகளை வெளியிடுபவர்கள் 20, 22 டிகிரி அறையில் ஓட்டுகிறார்கள். சித்திரை வைகாசியில் இங்கே ஏசி இல்லாத அறை 37, 38 டிகிரியில் நிற்கும். அறை எத்தனை டிகிரி கூடுகிறதோ, ப்ராசஸரும் ஏறக்குறைய அத்தனை டிகிரி கூடும். குளிர் அறையில் 82 டிகிரியில் ஓடியது இங்கே 97-ஐத் தொடும். இன்டெல் 12 முதல் 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர்களுக்கு வரம்பு 100 டிகிரி, ரைசன் 5 5600-க்கு 90, ரைசன் 7000 வரிசையின் பெரும்பாலானவற்றுக்கு 95. வரம்பைத் தொட்டதும் ப்ராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். காசு கொடுத்து வாங்கிய மதிப்பெண் மதியம் இரண்டு மணிக்குக் கிடைக்காது. 65 வாட் ப்ராசஸர்களோடு வரும் சிறு கூலர் பில் போடப் போதும். ரெண்டர் போடும் மெஷினுக்கு 120 மில்லிமீட்டர் ஃபேன் கொண்ட டவர் கூலரைக் கணக்கில் சேர்த்தே விலை பாருங்கள்.

செட்டிநாட்டு வளவு வீடுகளின் உயர்ந்த கூரையும் தடித்த சுவரும் உள்ளே வெப்பத்தைக் குறைக்கும் என்பது உண்மை. முகப்பில் ஸ்டுடியோவோ அலுவலகமோ வைத்திருப்பவர்கள் அந்த நன்மையைக் கெடுப்பது, கேபினெட்டைத் தேக்கு அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்துவதால். பின்பக்கம் ஒரு சாண் இடைவெளியும் முன்பக்கம் திறப்பும் இல்லாத இடத்தில் எந்தக் கூலரும் தோற்கும். தெருவைப் பார்த்த கடைகளில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூலரின் தகடுகளுக்கு இடையே உள்ள தூசியை ஊதி எடுக்க வேண்டும். ஊதும்போது ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

யுபிஎஸ் பக்கம் வந்தால், சாதாரண 600 விஏ யுபிஎஸ் தாங்குவது பெரும்பாலும் 360 வாட். ஐ5-12400-ம் ஒரு திரையும் அதில் நிம்மதியாக ஓடும். 253 வாட் ப்ராசஸரும் 200 வாட் கிராஃபிக்ஸ் கார்டும் ரெண்டர் நேரத்தில் சேர்ந்து இழுத்தால், மின்சாரம் போன நொடியில் யுபிஎஸ்ஸும் கையை விரித்துவிடும். பெரிய ப்ராசஸரின் விலையில் பெரிய யுபிஎஸ்ஸின் விலையும் இருக்கிறது. மின் கட்டணம் அவ்வளவு பெரிய விஷயமில்லை: 100 வாட் வித்தியாசம், நாளுக்கு நாலு மணி நேரம் முழு ஓட்டம், ஆண்டுக்கு 300 நாள் என்றால் 120 யூனிட். யூனிட் பத்து ரூபாய் என்று வைத்தாலும் 1,200 ரூபாய்தான்.

கல்யாண வீடியோ எடுப்பவர்களுக்குத் தனியாக

இந்தப் பகுதியில் மிகுதியாகப் பணம் வீணாவது இங்கேதான். இன்றைய மிரர்லெஸ் கேமராக்கள் பலவும் எச்.265 என்ற சுருக்கும் வடிவில், நிறத்தை நுணுக்கமாகச் சேமிக்கும் 10 பிட் 4:2:2 முறையில் பதிவு செய்யத் தருகின்றன. அந்தக் கோப்பை எடிட்டிங் மென்பொருளின் டைம்லைனில் வைத்து ஓட்டும்போது பிரித்துக் காட்டும் வேலையை ஒரு தனி மின்சுற்று செய்ய வேண்டும். இன்டெல்லின் 11-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் முதல் உள்ளிருக்கும் கிராஃபிக்ஸில் அந்தச் சுற்று உண்டு. என்விடியா கார்டுகளில் ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் 4:2:2-க்கு அது வந்தது. ஆகவே 1,500 ரூபாய் மிச்சம் என்று 'எஃப்' ப்ராசஸரை வாங்கி, கூடவே ஆர்டிஎக்ஸ் 30 அல்லது 40 வரிசைக் கார்டு போட்டவர்களின் டைம்லைன் திக்கித் திக்கி ஓடும். அவர்கள் கார்டைக் குறை சொல்வார்கள்.

எடிட்டிங்குக்கு இன்டெல் என்றால் 'எஃப்' இல்லாததை வாங்குங்கள். இன்னும் ஒரு படி: ஐ5-12400, 13400, 14400 ஆகியவற்றில் யுஹெச்டி 730, அதில் வீடியோச் சுற்று ஒன்று. ஐ5-12500, 13500, 14500 ஆகியவற்றில் யுஹெச்டி 770, அதில் இரண்டு. மூன்று கேமரா கோணங்களை ஒரே நேரத்தில் ஓட்டுகிறவருக்கு 14500-க்குக் கொடுக்கும் கூடுதல் தொகை வீணாகாது. மதர்போர்டு பயாஸில் உள் கிராஃபிக்ஸ் இயங்கும்படி வைத்திருக்க வேண்டும். தனிக் கார்டு போட்டதும் சில போர்டுகள் அதை அணைத்துவிடும், அப்போது டாஸ்க் மேனேஜரில் ஒரு ஜிபியு (கிராஃபிக்ஸ் சிப்) மட்டுமே தெரியும்.

ஆல்பம் வடிவமைப்பு, அச்சகம், ஆத்தங்குடி ஓட்டுக்கும் கண்டாங்கிச் சேலைக்கும் கோலம் வரையும் கோரல்டிரா வேலை இவற்றுக்கு ஒற்றைக் கோர் வேகமும் 32 ஜிபி ரேமும் போதும். ரைசன் 5 7600 அல்லது ஐ5-14400 நல்ல இடம். பழைய வீடுகளைப் புதுப்பிக்க முப்பரிமாண மாடல் போடும் கட்டடக்கலைஞர்களுக்கும் ப்ராசஸர் அதேதான். மாடலை நிஜம்போன்ற படமாக்கும் லூமியன், என்ஸ்கேப் போன்றவை கிராஃபிக்ஸ் கார்டில் ஓடுவதால் மிச்சப் பணம் முழுவதும் அங்கே போகட்டும்.

போர்டு, பெட்டி, பில்

இன்டெல்லுக்கான மலிவு வரிசையான எச்610 போர்டில் ஐ7 உட்காரும், ஓடும். ஆனால் மின்சாரம் தரும் பகுதி சூடேறி, பத்து நிமிடத்தில் வேகம் சரியும் போர்டுகள் அந்த வரிசையில் நிறைய. ஐ3-க்கும் ஐ5-12400-க்கும் எச்610 சரி. 13500, 14500-க்கு அடுத்த படியான பி660, பி760 போர்டு. புதிய கோர் அல்ட்ரா 200எஸ் வரிசை 2024 அக்டோபரில் எல்ஜிஏ1851 சாக்கெட்டுக்கு மாறிவிட்டது. பழைய எல்ஜிஏ1700 போர்டில் அது பொருந்தாது. ஏஎம்5 சாக்கெட்டை 2027-க்கும் அப்பாலும் தொடர்வதாக ஏஎம்டி அறிவித்திருக்கிறது. நாலு வருடம் கழித்து ப்ராசஸரை மட்டும் மாற்ற நினைப்பவர் அதையும் விலையாகக் கணக்கில் எடுக்கலாம்.

'ஜி' வகை ரைசனுக்கு ரேம் இரண்டு குச்சிகளாகவே போட வேண்டும். ஒரு டிடிஆர்4-3200 குச்சி நொடிக்கு 25.6 ஜிகாபைட் தரும், இரண்டு சேர்ந்தால் 51.2. உள் கிராஃபிக்ஸ் அந்த வழியில்தான் பிழைக்கிறது. 16 ஜிபி ஒற்றைக் குச்சியைவிட 8 ஜிபி இரண்டு குச்சி என்று பில்லில் எழுதச் சொல்லுங்கள்.

13, 14-ஆம் தலைமுறையில் ஐ5-13600கே, 14600கே தொடங்கி அதற்கு மேலான ப்ராசஸர்கள் சில, மிகையான வோல்டேஜால் நாளடைவில் சேதமடைந்தன. இன்டெல் 2024 ஆகஸ்டிலும் அதன் பிறகும் மைக்ரோகோட் (ப்ராசஸரின் உள் கட்டளைகள்) திருத்தங்கள் தந்தது. அந்தப் ப்ராசஸர்களுக்கு உத்தரவாதத்தை இரண்டு ஆண்டு நீட்டியது. புதிதாக வாங்கினால் முதல் வேலையாக பயாஸைப் புதுப்பியுங்கள். பழையதாக வாங்கவே வேண்டாம்: முந்தையவர் எந்த பயாஸில் எத்தனை நாள் ஓட்டினார் என்று தெரிந்துகொள்ள வழியில்லை.

பெட்டியோடு வரும் ப்ராசஸருக்குக் கம்பெனியின் மூன்று ஆண்டு உத்தரவாதம் உண்டு. 'ட்ரே' என்று பெட்டி இல்லாமல் வருவதற்குக் கடைக்காரர் சொல்வதே உத்தரவாதம். சென்னை ரிச்சி தெருவிலோ இணையத்திலோ ஆயிரம் ரூபாய் குறைவாகக் கிடைப்பது பல நேரம் ட்ரே. பெட்டியின் மேலுள்ள எண்ணும் ப்ராசஸரின் தகட்டில் பொறித்த எண்ணும் பொருந்துகின்றனவா என்று கடையிலேயே பாருங்கள். ஜிஎஸ்டி பில்லில் அந்த வரிசை எண் ஏற வேண்டும். வாங்குகிறவர் ஜிஎஸ்டி பதிவுள்ளவராக இருந்து தன் எண்ணைப் பில்லில் போடச் சொன்னால் 18% வரியை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம், இரண்டு கடைகளின் விலையை ஒப்பிடும்போது அதையும் கழித்தே பாருங்கள்.

வாங்கிய பின் சோதனை

மாற்றித் தரும் கெடு முடிவதற்குள் இதைச் செய்துவிடுங்கள். வெப்பத்தையும் வாட்டையும் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்து வைத்துக்கொண்டு, மதியம் இரண்டு மணிக்கு, வழக்கமாக மெஷின் இருக்கும் அறையிலேயே, சினிபெஞ்ச் ஆர்23 மல்டியைப் பத்து நிமிடம் ஓட்டுங்கள். கிடைக்கும் எண் நீங்கள் ஒப்பிட்ட பட்டியலின் எண்ணுக்கு 5 விழுக்காட்டுக்குள் இருந்தால் நல்லது.

குறைந்தால் இந்த வரிசையில் தேடுங்கள். வெப்பம் வரம்பைத் தொட்டிருந்தால் கூலர்: இன்டெல் கூலரின் நாலு முளைகளில் ஒன்று சரியாகப் பூட்டாமல் தொங்குவதே அடிக்கடி நடப்பது. போர்டின் பின்புறம் நாலு முளையும் ஒரே அளவு வெளியே வந்திருக்க வேண்டும். வெப்பம் சரியாக இருந்து வாட் மட்டும் 65-லேயே நின்றால் பயாஸில் வரம்பு இருக்கிறது. இரண்டும் சரியென்றால் ரேமைப் பாருங்கள்: 6000 என்று எழுதிய டிடிஆர்5 ரேம் அதன் முழு வேகத்தைத் திறக்கும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற அமைப்பை பயாஸில் இயக்கும் வரை 4800-ல்தான் பெரும்பாலும் ஓடும். சினிபெஞ்சில் அது அதிகம் தெரியாது, கேமிலும் ஃபோட்டோ வேலையிலும் தெரியும். கடைசியாக விண்டோஸின் பவர் திட்டம் சிக்கன நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஏஎம்4 கூலரைக் கழற்ற நேர்ந்தால் மெஷினைப் பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, இணைப்பைப் பிடுங்கிவிட்டு, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகி எடுங்கள். நேராக மேலே இழுத்தால் நடுவே தடவிய, காய்ந்துபோன வெப்பப் பேஸ்ட்டோடு ப்ராசஸரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும், அடியில் உள்ள ஊசிகள் வளையும். வளைந்த ஊசி உத்தரவாதத்தில் சேராது.